தூக்கிக் காட்டிய மீன்

1987ஆம் ஆண்டு, ஏப்ரல் மாதத்தில் ஒரு சனிக்கிழமை. நியூசிலாந்தில், ஆக்லாந்தின் மேற்குப் பக்கம் கிளென் ஈடனில் நாங்கள் வாடகைக்கு வந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. எனக்கு அப்போது முப்பத்தொரு வயது. யாழ்ப்பாணத்தில் வங்கியில் கழுத்துப்பட்டி கட்டி உட்கார்ந்திருந்தவன், இங்கே பாண் சுடும் ஒரு தொழிற்சாலையில் தட்டு அடுக்கிக்கொண்டிருந்தேன். அங்கே என்னை யாருக்கும் பெரிதாகத் தெரியாது. ஆனால் எங்கள் ஆட்களுக்குள் எனக்கு ஒரு மதிப்பு இருந்தது. நான் மீன் பிடிப்பவன்.

இதை வெளியில் உள்ளவர்களுக்கு விளங்கவைப்பது கஷ்டம். அந்தக் காலத்தில் இங்கே மீன் கடைக்குப் போனால் முள்ளும் தலையும் எடுத்த வெறும் சதைத் துண்டுதான் கிடைக்கும். தலை எங்கே என்று கேட்டால் கடைக்காரர் நம்மை ஒரு மாதிரிப் பார்ப்பார். தலையில்லாமல் சொதி வைத்து என்ன பிரயோசனம்? ஆகவே சனிக்கிழமை காலையில் தலையோடும் கண்ணோடும் முழு மீன் கொண்டுவந்து கொடுக்கிறவன் எங்கள் வீடுகளில் ராசா மாதிரி. எனக்கும் அந்த ராசா வேலை நன்றாகவே பிடித்திருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், மீனைவிட அந்த மதிப்புத்தான் எனக்கு ருசியாக இருந்தது.

மீன் பிடிக்கும் வித்தையை எனக்குக் கடிதம் மூலம் அனுப்பியவர் கனடாவில் இருந்த என் மச்சான். அவர் அங்கே ஏரிகளில் ‘பாஸ்’ என்ற மீனைப் பிடிப்பதில் பைத்தியமாகத் திரிந்தார். ஒருநாள் ஒரு பொட்டலம் வந்தது. உள்ளே பயறளவு ஈயக் குண்டு வைத்து வார்த்த சின்னச் சின்னத் தூண்டில்கள். அதற்கு ஜிக் ஹெட் என்று பெயராம். கூடவே திராட்சை நிறத்தில் மெத்தென்ற பிளாஸ்டிக் புழுக்கள். புழுவில் பெருஞ்சீரக வாசம் வேறு அடித்தது. மனைவி மணந்து பார்த்துவிட்டு, இதைக் கறிக்குப் போடுவதா, தூண்டிலில் போடுவதா என்று கேட்டாள்.

மச்சானின் கடிதம் இரண்டு பக்கம். சாரம் இவ்வளவுதான்: “புழுவை நேராகக் கோத்துப்போட்டு எறி. பிறகு சும்மா இரு. இழுக்காதை. அது தன்பாட்டுக்கு விழட்டும். விழேக்கைதான் மீன் எடுக்கும்.”

சும்மா இருப்பது அவ்வளவு லேசான வேலை இல்லை என்பது எனக்கு மூன்று மாதம் கழித்துத்தான் தெரிந்தது. மனுக்காவ் குடாவின் ஓரத்தில் ஒரு பழைய மர இறங்குதுறை இருந்தது. வீட்டிலிருந்து காரில் இருபது நிமிடம். அங்கே வழக்கமாக வருகிறவர்கள் பெரிய ஈயமும் இறைச்சித் துண்டு போல இரையும் போட்டு எறிவார்கள். என் மெல்லிய தூண்டில் நரம்பைப் பார்த்துத் தையல் நூலா என்று கேட்டுச் சிரித்தார்கள். பிளாஸ்டிக் புழுவைக் கண்டதும் இன்னும் சிரித்தார்கள். நான் நரம்பை இரண்டு விரலுக்கு நடுவில் விட்டுக்கொண்டு நிற்பேன். புழு கீழே போகப் போக விரலில் ஒரு மெல்லிய இழுவை தெரியும். அது தரையைத் தொட்டால் இழுவை நின்றுபோகும். தரைக்குப் போகும் முன்பே நின்றால், அல்லது நரம்பு தண்ணீரில் பக்கவாட்டில் ஓர் அங்குலம் நகர்ந்தால், அது மீன். தூண்டில் தடியில் ஒன்றுமே தெரியாது. தடியை ஒரு சாண் தூக்கி, மறுபடி விழவிட்டு, மறுபடி காத்திருக்கவேண்டும். இது கைவந்த பிறகு யாரும் சிரிக்கவில்லை. அவர்களுக்கு அகப்படாத நாட்களிலும் எனக்கு அகப்பட்டது. தலைக்கனமும் அதோடு சேர்ந்து ஏறியது.

அந்தச் சனிக்கிழமை விடியும் நேரம் போய்ச் சேர்ந்தபோது துறையில் ஒரு குருவி இல்லை. சனிக்கிழமையில் அப்படி ஒருநாளும் இருந்ததில்லை. ஆறேழு பேராவது தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்பார்கள். எனக்கோ ஒரே சந்தோஷம். இன்று முழுத் துறையும் எனக்குத்தான் என்று நினைத்தேன். கரையின் மறு கோடியில் இரண்டு கூடாரம், ஒரு வான் வண்டி, புகையும் ஒரு நெருப்பு. யாரோ விடுமுறைக்கு வந்து தங்கியிருக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டேன். அதற்குமேல் யோசிக்கவில்லை.

அன்றைக்கு மீன் அப்படி எடுத்தது. முதல் எறியிலேயே புழு பாதித் தூரம் விழுந்ததும் நரம்பு நின்றது. ஒன்றன்பின் ஒன்றாக ஆறு. எல்லாம் ஸ்னாப்பர் என்கிற சிவந்த மீன், நம்முடைய விளைமீன் மாதிரி இருக்கும். ஆறாவது மீன் என் முழங்கையளவு. அதைத் தூக்கி எடுத்துத் திரும்பியபோதுதான் கவனித்தேன், கூடாரத்துப் பக்கத்தில் ஒரு பெண் தண்ணீர் ஓரமாக நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். தடித்த கம்பளிச் சட்டை, தோளில் போர்வை. நெடுநேரம் நின்றிருக்கவேண்டும். நான் கையசைத்தேன். அவர் அசைக்கவில்லை. எனக்கு என்ன கொழுப்போ தெரியாது, அந்தப் பெரிய மீனை இரண்டு கையாலும் தலைக்குமேல் தூக்கி அவருக்குக் காட்டினேன். பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டு.

அவர் திரும்பிக் கூடாரத்துக்குள் போய்விட்டார்.

பத்து மணிக்குள் மூன்று வீட்டிலும் மீன் சேர்ந்துவிட்டது. எங்கள் வீட்டுக்கு இரண்டு. எங்கள் தெருவிலேயே இருந்த மன்னார்க் குடும்பத்துக்கு இரண்டு, அந்த வீட்டு அம்மாவை நாங்கள் அக்கா என்று கூப்பிடுவோம். பெரியது உட்பட மற்ற இரண்டும் த்ரீ கிங்ஸ் என்ற பகுதியில் இருந்த கணக்காளர் அண்ணருக்கு. அவர் வீட்டில் அன்று மதியம் விருந்தாளிகள். பழைய பேப்பரில் சுற்றிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு, வழக்கமான புகழ்ச்சியையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அப்போதுதான் நினைவு வந்தது, ஜிக் ஹெட்டுகள் வைத்திருந்த தகரப் பெட்டியைத் துறையிலேயே விட்டுவிட்டேன். கனடாவிலிருந்து வந்த சாமான். இங்கே வாங்கமுடியாது. காரைத் திருப்பினேன்.

இந்தமுறை துறையில் ஆட்கள் இருந்தார்கள். பத்துப் பன்னிரண்டு பேர், எல்லோரும் இந்த மண்ணின் பூர்வகுடிகளான மாவோரி ஆட்கள். யாரிடமும் தூண்டில் இல்லை. ஒரு பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு அவர்களுடைய மொழியில் பிரார்த்தனை போல ஏதோ சொல்ல, மற்றவர்கள் தலை குனிந்து நின்றார்கள். நான் காரருகே நின்றுவிட்டேன். முடிந்ததும் என் வயதுடைய ஒருவர் என்னை நோக்கி வந்தார். காற்சட்டை தொடைவரை நனைந்திருந்தது. கையில் என் தகரப் பெட்டி.

இது உன்னுடையதா என்று கேட்டார். ஆமாம் என்றேன். பெட்டியைக் கொடுத்துவிட்டு, குரலை உயர்த்தாமல் விஷயத்தைச் சொன்னார். புதன்கிழமை அவருடைய அக்காவின் மகன் சின்னப் படகில் வலை எடுக்கப் போயிருக்கிறான். இருபத்திரண்டு வயது. படகு மட்டும் கவிழ்ந்தபடி கிடைத்தது. அவன் இன்னும் கிடைக்கவில்லை. அன்றிலிருந்து இந்தத் தண்ணீரில் ராஹுயி என்ற தடை வைத்திருக்கிறார்கள். அவன் கிடைத்து, சடங்கு செய்து, தடையை நீக்கும்வரை யாரும் இந்தக் கடலிலிருந்து ஒன்றும் எடுக்கமாட்டார்கள். மீனும் இல்லை, சிப்பியும் இல்லை. துறைக்கு வருகிற எல்லோருக்கும் அது தெரியும். பேப்பரிலும் வந்தது.

காலையிலேயே வந்து நிறுத்தியிருக்கலாமே என்று ஒரு நியாயம் கேட்கிற மாதிரி என் வாயிலிருந்து வந்துவிட்டது. நாங்கள் எல்லோரும் படகில் தேடப் போயிருந்தோம், என் அக்கா மட்டும்தான் கரையில் இருந்தாள் என்றார். திரும்பி வந்து கேள்விப்பட்டதும் உன்னைத் தேடிப் போகலாம் என்று சிலர் கோபப்பட்டார்கள், அவளோ விடுங்கள், அவனுக்குத் தெரிந்திராது என்று சொல்லிவிட்டாள் என்றார்.

காலையில் நின்ற அந்தப் பெண்.

மீனைச் சாப்பிட்டுவிட்டீர்களா என்று அவர் கேட்டார். இன்னும் இல்லை என்றேன். அது எனக்கே நிச்சயமில்லாத பதில். மூன்று வீட்டிலும் அடுப்பில் மீன் இருக்கும் நேரம் அது. அவர் தலையாட்டிவிட்டு, சரி, போய்வா என்றார். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

காரில் உட்கார்ந்து, திறப்பைப் போடாமல் கையில் வைத்துக்கொண்டு யோசித்தேன். வீட்டுக்குப் போய் வாயை மூடிக்கொண்டு இருந்தால் யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. அவர்கள் என்னைத் தேடி வரப்போவதுமில்லை. எங்கள் ஆட்களிடம் போய், ஒரு மனிதன் கிடக்கிற தண்ணீரில் பிடித்த மீனை உங்களுக்குத் தந்துவிட்டேன் என்று சொன்னால், இனி என் கையால் யார் மீன் வாங்குவார்கள்? நான் இவ்வளவு காலமும் சேர்த்து வைத்த ஒரே மதிப்பு அதுதான். உண்மையைச் சொன்னால், அங்கே ஐந்து நிமிடம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அந்த ஐந்து நிமிடத்தில் நான் நினைத்ததையெல்லாம் எழுத எனக்கு இப்போதும் மனம் வரவில்லை. கடைசியில் அந்த அம்மா என்னைப் பற்றிச் சொன்ன வார்த்தைதான் காரைக் கிளப்பவைத்தது. அவனுக்குத் தெரியாது என்று சொல்லி என்னைக் காப்பாற்றியிருந்தார். இப்போது எனக்குத் தெரியும்.

வீட்டில் மனைவி சொதி இறக்கிக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னதும் கரண்டியைக் கீழே வைத்தாள்.

“இன்னும் ஒருத்தரும் வாயில வைக்கேல்லை. சட்டியோட கொண்டுபோங்கோ. அக்கா வீட்டை கெதியாப் போங்கோ, அவ பன்னிரண்டுக்கே சமைச்சிடுவா.”

அக்கா இன்னும் சமைக்கவில்லை. மீனை வெட்டி, உப்பும் மஞ்சளும் தடவி வைத்திருந்தார். அவருடைய ஆட்கள் மன்னாரில் கடல் தொழில் செய்தவர்கள். நான் தடுமாறித் தடுமாறிச் சொல்லி முடிக்கும்வரை கேட்டார்.

“ஆள் இன்னும் கிடைக்கேல்லையோ, தம்பி?”

“இல்லையாம் அக்கா.”

கையைக் கழுவிவிட்டுச் சிலுவைக் குறி போட்டுக்கொண்டார். “எங்கட பக்கத்தில வள்ளம் திரும்பி வராட்டி ஒருத்தரும் தொழிலுக்கு இறங்காயினம். அது எங்களுக்குத் தெரியாத விஷயமே? இப்பவும் அம்மா எழுதினவ, ஊரில சனம் மீன் வாங்கிறேல்லையாம். சண்டை நடக்கிற கடலில என்னென்ன மிதக்குதோ எண்டு பயமாம்.”

என் அம்மாவின் கடிதத்திலும் அதே வரி வந்திருந்தது. போன மாதம்தான் படித்தேன். படித்து அழுதுவிட்டு மடித்து மேசை லாச்சிக்குள் வைத்தேன். ஊர்க் கடலுக்கு அழுதவனுக்கு, வாசலில் இருக்கிற கடலில் ஒருவன் கிடப்பது தெரியவில்லை.

அக்கா குடலையும் செதிலையும் கூட விடாமல் எடுத்து, நான் காலையில் சுற்றிக்கொடுத்த அதே பேப்பரில் வைத்தார். அப்போதுதான் பார்த்தேன். வியாழக்கிழமைப் பேப்பர். அந்த நாட்களில் நான் பேப்பர் வாங்குவதே இலங்கைச் செய்திக்காகத்தான். வெளிநாட்டுப் பக்கத்துக்கு நேரே போவேன், எங்கேயாவது மூலையில் நாலு வரி இருக்கிறதா என்று தேடுவேன், இல்லாவிட்டால் மடித்துப் போட்டுவிடுவேன். இந்த ஊர்ச் செய்திக்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்ற நினைப்பு. மூன்றாம் பக்கத்தில் அந்தப் பையனின் படம் இருந்தது. சுருட்டைத் தலை, சிரித்த முகம். கன்னத்தில் இரண்டு செதில் ஒட்டியிருந்தது. அக்கா விரலால் அதை எடுத்துவிட்டு, பேப்பரை மாற்றி, படம் இருந்த பக்கத்தைத் துடைத்துத் தனியாக வைத்தார்.

த்ரீ கிங்ஸுக்குப் போய்ச் சேர ஒரு மணியாகிவிட்டது. விருந்தாளிகள் நால்வர் சாப்பாட்டு மேசையில். பெரிய மீனின் தலை நடுவில் கிண்ணத்தில் இருந்தது. பாதி முடிந்திருந்தது. அண்ணர் என்னைக் கண்டதும் மீன்காரர் வந்திட்டார் என்று எழும்பி வரவேற்றார். நான் நின்றபடியே சொன்னேன். இருந்து சொல்லும் தைரியம் இல்லை.

விருந்தாளிகளின் கை தட்டிலேயே நின்றது. அண்ணர் முதலில் சிரித்தார். பிறகு முகம் மாறியது.

“கடலில ஆர் சாகேல்லை? அப்பிடிப் பாத்தால் நீரும் நானும் ஒருநாளும் மீன் தின்னேலாது. உமக்கு விசர். சாப்பிடுற ஆக்களிட்டை வந்து கதைக்கிற கதையே இது?”

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. அவருடைய மனைவி மட்டும் எழும்பிக் கிண்ணத்தை எடுத்தார், மிச்சக் கறியை ஒரு சட்டியில் ஊற்றினார், மூடி போட்டுத் துணியால் கட்டி வாசலில் என் கையில் தந்தார். அண்ணர் அதற்குப் பிறகு இரண்டு வருடம் என்னோடு கதைக்கவில்லை.

இரண்டு சட்டியும் ஒரு பொட்டலமுமாக மறுபடி அந்தக் கரைக்குப் போனேன். வழி முழுக்கக் காரில் மீன் குழம்பு வாசம். இதைவிடக் கேவலமான ஊர்வலம் நான் போனதில்லை. காலையில் பெட்டியைத் தந்தவர் என்னைக் கண்டு ஆச்சரியப்பட்டார். திருப்பிக் கொண்டுவந்திருக்கிறேன் என்றேன். கொஞ்சம் சாப்பிட்டுவிட்டார்கள், அதை என்னால் தடுக்க முடியவில்லை என்றேன். அவர் என்னைத் தன் அக்காவிடம் கூட்டிக்கொண்டு போனார்.

அந்த அம்மா நெருப்பருகே ஒரு மடக்குக் கதிரையில் இருந்தார். கண் இரண்டும் காய்ந்துபோய் இருந்தது. நான் முன்னால் முழங்காலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். என் ஆங்கிலம் அன்றைக்கு எங்கே போனதோ தெரியாது. அவர் சட்டி மூடியைத் திறந்து மணந்து பார்த்தார். இது என்ன வாசம் என்று கேட்டார். புளியும் தேங்காய்ப்பாலும் என்றேன். எத்தனை வீட்டுக்குக் கொடுத்தாய் என்று கேட்டார். மூன்று என்றேன். அவனும் அப்படித்தான், பிடித்ததை வீட்டுக்குக் கொண்டுவருமுன் தெரு முழுக்கக் கொடுத்துவிட்டு வருவான் என்றார்.

பிறகு தண்ணீர்ப் பக்கம் திரும்பினார்.

“காலையில் நீ மீனைத் தூக்கிக் காட்டினாய். எனக்குக் கண் மங்கல். ஒரு கணம் அவன்தான் நிற்கிறான் என்று நினைத்தேன்.”

நான் அழுதேன். அவர் அழவில்லை. என் தலையில் கையை வைத்துக்கொண்டு இருந்தார். என்னை மன்னித்தாரா என்று எனக்குத் தெரியாது, அதை நான் கேட்கவுமில்லை.

மீனைத் தண்ணீரில் போடவேண்டாம், மேட்டில் புதை என்றார். அவருடைய தம்பியும் நானும் மண்வெட்டியோடு போனோம். மரவேருக்குப் பக்கத்தில் ஆழமாக ஒரு குழி வெட்டினோம். வெட்டிய மீனும், சொதியும், குழம்பும் எல்லாம் அதற்குள். அவர் என்னைவிட வேகமாக வெட்டினார். திரும்பும்போது அந்த அம்மா ஒரு போத்தல் தண்ணீரை எடுத்து என் கையில் ஊற்றி, தலையிலும் கொஞ்சம் தெளித்தார். சாவுக்குப் போனால் தண்ணீர் படாமல் வீட்டுக்குள் போகக்கூடாது என்பதை எனக்கு யாரும் சொல்லித்தரவேண்டியிருக்கவில்லை. புறப்படும்போது தம்பி என் போன் நம்பரைக் கேட்டு ஒரு சிகரெட் பெட்டியில் எழுதிக்கொண்டார். ராஹுயி எடுத்தபிறகு சொல்கிறேன், வந்து மீன் பிடி என்றார்.

எங்கள் வீட்டுப் போன் அந்த நாட்களில் அடித்தாலே பயம். ஊரிலிருந்து நல்ல செய்திக்கு யாரும் போன் எடுப்பதில்லை. அடுத்த புதன்கிழமை மாலை அது அடித்தபோது மனைவியும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எடுத்தேன். அந்த அம்மாவேதான்.

“கிடைத்துவிட்டான். இன்று காலையில். உனக்குச் சொல்லவேண்டும் என்று தோன்றியது.”

ஏதோ சொன்னேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. அவர் பின்னால் நிறையக் குரல்கள் கேட்டன, யாரோ அழுதார்கள். போனை வைத்துவிட்டு மனைவியிடம் சொன்னேன். எங்களில், சொந்தக்காரர் செத்த செய்தி வந்தால் கேட்டவுடன் தலை முழுகுவது வழக்கம். அவள் துவாயை எடுத்துக்கொண்டு போய் முழுகினாள். அவள் வந்தபிறகு நானும் போய் முழுகினேன்.

சில மாதம் கழித்து, தடை நீங்கியதும், தம்பி சொன்னபடியே போன் எடுத்தார். அந்தத் துறையில் அவரும் நானும் பிறகு பல சனிக்கிழமைகள் பக்கத்தில் பக்கத்தில் நின்று பிளாஸ்டிக் புழு எறிந்திருக்கிறோம். அவருக்குச் சும்மா இருப்பது கடைசிவரை கைவரவில்லை, இழுத்துக்கொண்டே இருப்பார்.

நாங்கள் வந்த புதிதில், இங்கே எங்களில் ஒருவர் செத்தால் யாருக்குச் சொல்வது என்று மனைவி அடிக்கடி கேட்பாள். வேறு யாராவது செத்தால் எங்களுக்கு யார் சொல்வார்கள் என்று நாங்கள் யோசித்ததே இல்லை. எங்கள் ஊரில் செத்தவீடு சொல்ல ஆள் வருகிற வீடுதான் உறவு வீடு. இப்போது என் பிள்ளைகள், அப்பா, இந்த நாடு எப்போது உங்களுக்குச் சொந்த நாடானது என்று ஆங்கிலத்தில் கேட்கும்போது, ஒரு தாய் தன் மகன் கிடைத்துவிட்டான் என்று எனக்குப் போன் எடுத்த அந்தப் புதன்கிழமையைத்தான் நான் தமிழில் சொல்கிறேன்.